குமிழி விடும் பையனும் தொட்டியில் உட்கார்ந்த பையனும்

ரொம்ப நாளாக எழுதணும் எழுதணும்னு நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. டெசர்ட்டேஷன் கெடு நெருங்கும்போதுதான் மத்ததெல்லாம் எழுத வரும் போல. கொஞ்சம் நீளம் மக்களே, ஒரு டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை லிவர்பூலில் ரயிலேறி, மெர்சி ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் புகுந்து, அக்கரையில் போர்ட் சன்லைட் என்கிற ஊரில் இறங்கினேன். ஆமாங்க, நம்ம சன்லைட் சோப்பேதான். சோப்பு பெயரில் ஒரு ஊர்! வில்லியம் லீவர் என்கிற சோப்பு முதலாளி 1888-ல் தன் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே தொழிலாளிகளுக்காகக் கட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு வீட்டு வரிசையும் ஒவ்வொரு மாதிரி, முன்னால் புல்வெளி, பூச்செடி. பிஸ்கட் டப்பா மூடியில் இருக்குமே ஒரு இங்கிலாந்து, அது அப்படியே எழுந்து நிற்கிறது. ஊர் நடுவில் லேடி லீவர் ஆர்ட் கேலரி. மனைவி இறந்தபிறகு அவர் நினைவாக லீவர் கட்டி, 1922-ல் திறந்தது. அனுமதி இலவசம் (மாணவ வர்க்கத்துக்கு இதைவிட முக்கியமான தகவல் கிடையாது).

நான் போனது ஒரே ஒரு ஓவியத்துக்காக. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம். நாலு வயசுப் பையன், சுருட்டை முடி, பச்சை வெல்வெட் உடுப்பு, கழுத்தில் சுருக்கு வைத்த வெள்ளைக் காலர். கையில் சோப்புத் தண்ணிக் கிண்ணமும் ஊதுகுழலும். ஊதி முடித்த குமிழி தலைக்கு மேலே மிதக்கிறது, அதை அண்ணாந்து பார்க்கிறான். அவ்வளவுதான் படம். ஓவியர் ஜான் எவரெட் மில்லே, வருஷம் 1886, மாடல் அவருடைய சொந்தப் பேரன். அந்தக் குமிழியின் மினுமினுப்பை வரைவதற்காகக் கண்ணாடியில் ஒரு உருண்டை செய்ய வைத்து அதைப் பார்த்து வரைந்தாராம். நேரில் பார்க்கும்போது அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. ரெண்டு அடி தள்ளி நின்று பார்த்தால் குமிழி இப்போ உடைஞ்சிரும்னு நமக்கே ஒரு பதற்றம் வருது.

இந்தப் பையனை எனக்கு ஏற்கனவே தெரியும். உங்களுக்கும் ஒருவேளை தெரிந்திருக்கும். பியர்ஸ் சோப்பு விளம்பரப் பையன்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் பியர்ஸ் சோப்பு என்பது தினசரிப் பொருள் இல்லை. யாருக்காவது குழந்தை பிறந்தால் மட்டும் வரும். சித்திக்குப் பொண்ணு பிறந்தப்போ எனக்கு ஆறு வயசு. குளியலறை ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சோப்பைத் தூக்கிப் பிடித்தால் கருப்பட்டிப் பாகு நிறத்தில் அந்தப் பக்கம் தெரியும். சோப்புக்குள்ள வழியா தென்னைமரத்தைப் பார்க்கிறது எனக்கு அப்போ பெரிய விளையாட்டு. ஒருநாள் நானும் அதைத் தேய்த்துக் குளிக்கப் போக, அத்தை கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். "ஏட்டி, அது அவ நிறத்துக்கு உள்ள சோப்பு. உனக்குப் போட்டா சோப்புக்குத்தான் கேடு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதுதான் இப்போ யோசித்தால் கஷ்டமாக இருக்கிறது. சரி, கொசுவத்தியை அணைத்துவிட்டு மேட்டருக்கு வருவோம்.

மில்லே லேசுப்பட்ட ஆள் இல்லை. இளவயதில் ராஃபேலுக்கு முந்தையவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு கலகம் செய்த கோஷ்டியில் ஒருவர். பிற்காலத்தில் பிரிட்டனின் பணக்கார ஓவியர்களில் ஒருவர். 1885-ல் பரம்பரைப் பட்டம் வாங்கியவர். இந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர் 'ஒரு குழந்தையின் உலகம்'. ஓவியத்தில் சோப்புக்குமிழி என்றால் ஐரோப்பாவில் பழைய அர்த்தம் ஒன்று உண்டு. 17-ம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் வாழ்க்கை நிலையாமையைக் காட்ட மண்டை ஓடு, அணையப்போகும் மெழுகுவர்த்தி, குமிழி இதையெல்லாம் வரைவார்கள். நம்ம ஊர்ப் பாட்டிகள் "நீர்க்குமிழி வாழ்க்கை"னு சொல்றாங்களே, அதே சங்கதி. மில்லேயின் படத்தில் ஒரு பக்கம் செடி முளைத்த தொட்டியும் இன்னொரு பக்கம் உடைந்த தொட்டியும் இருக்கும். பேரன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே சாவைப் பற்றி யோசிக்கும் தாத்தா. எனக்குப் படத்தில் பிடித்ததே அதுதான்.

அந்தப் படத்தை 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகை முதலாளி வில்லியம் இங்ரம் வாங்கி, 1887 கிறிஸ்துமஸ் இதழோடு வண்ணப் படமாகக் கொடுத்தார். அவரிடமிருந்து 2,200 பவுண்டுக்கு அதை வாங்கியவர் தாமஸ் பாரட், பியர்ஸ் கம்பெனியின் மூளை. காப்புரிமையும் சேர்ந்தே கைமாறியதால் மில்லேயிடம் யாரும் அனுமதி கேட்கவேண்டிய அவசியமே இல்லை. பாரட் என்ன செய்தார்? பையன் காலடியில் ஒரு பியர்ஸ் சோப்புக்கட்டியைச் சேர்த்தார். முடிஞ்சது ஜோலி. நிலையாமை போய் நுரை வந்துவிட்டது.

இந்த பாரட்டைப் பற்றி மட்டும் தனிப் பதிவே போடலாம். பியர்ஸ் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு 1865-ல் கம்பெனிக்குள் வந்த மாப்பிள்ளை. அதுவரை விளம்பரத்துக்கு அளந்து அளந்து செலவழித்த கம்பெனியில் வருஷத்துக்கு லட்சம் பவுண்டு கணக்கில் செலவழித்தார். அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பத்து சென்டிம் காசு இங்கிலாந்துக் கடைகளில் ஒரு பென்னியாகச் செல்லுபடியாகும். பாரட் அந்தக் காசுகளை மூட்டை மூட்டையாக இறக்கி, 'பியர்ஸ்' என்று முத்திரை குத்திப் புழக்கத்தில் விட்டார். ராணி தலை இருக்கவேண்டிய இடத்தில் சோப்பு பெயர்! லில்லி லாங்ட்ரி என்ற பிரபல நடிகையிடம் நற்சான்று வாங்கிப் போட்டார். நம்ம ஊர் நடிகைகள் சோப்பு விளம்பரத்தில் வருகிற வழக்கத்தின் கொள்ளுப்பாட்டி அந்த அம்மாதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குமிழிப் படம் லட்சக்கணக்கில் அச்சானது. கல்லச்சில் வண்ணம் வண்ணமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும் முறை அப்போது மலிவாகி வந்த நேரம். ஓவியம் வாங்க வழியில்லாத வீடுகளில் ஜனங்கள் விளம்பரத்தையே சட்டம் போட்டு மாட்டினார்கள். சிவகாசி காலண்டரில் தேதி கிழிந்தபிறகு லட்சுமி படத்தை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டுவோமே, அது மாதிரி. ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கியதும் இதே காலத்தில்தான், 1894-ல்.

அப்புறம் சண்டை ஆரம்பித்தது. இவ்வளவு பெரிய ஓவியர் சோப்பு விற்பதா, கலை சந்தைக்கு வந்துவிட்டதே என்று ஒரே கூப்பாடு. மில்லேக்கே முதலில் கடுப்புதான். அச்சுப் பிரதியைக் காட்டியபிறகு, தரம் நன்றாக இருக்கிறது என்று சமாதானம் ஆனதாக அவர் மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. மேரி கொரெல்லி என்ற நாவலாசிரியை 1895-ல் வந்த தன் நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயால் மில்லேயைக் குத்தினார். மில்லே அவருக்குக் கடிதம் எழுத, அம்மையார் வருத்தம் தெரிவித்தார். இதற்கிடையில் நம்ம வில்லியம் லீவர் சும்மா இருப்பாரா? 1889-ல் ஃபிரித் என்கிற ஓவியரின் 'புதிய கவுன்' படத்தை வாங்கி, சன்லைட் சோப்பு விளம்பரமாக ஆக்கிவிட்டார். ஃபிரித் புலம்பியும் பயனில்லை. அந்தப் படமும் இதே கேலரிக்குச் சொந்தம்.

பாவம் அந்தப் பேரன். வில்லியம் ஜேம்ஸ் வளர்ந்து கப்பற்படையில் சேர்ந்து அட்மிரல் ஆனார். 1940-ல் ஜெர்மன்காரன் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோது போர்ட்ஸ்மவுத் தளத்துக்கே அவர்தான் தளபதி. அப்போதும் கப்பற்படையில் அவருக்குப் பட்டப்பெயர் 'குமிழி'. மாவட்டக் கலெக்டரை ஊரே 'கொழுக்மொழுக் பாப்பா' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள் :-) 1973 வரை வாழ்ந்தார் மனிதர்.

இவ்வளவும் எனக்கு எங்கள் வகுப்பில் கிடைத்தது. விளம்பர வரலாறு என்று ஒரு விருப்பப் பாடம். குமிழிப் படம் மட்டும் ஒரு மணிநேரம் ஓடியது. கலையா வியாபாரமா, ஓவியருக்கு உரிமை உண்டா இல்லையா என்று பட்டிமன்றம் மாதிரி பிரிந்து பேசினோம். நானும் கையைத் தூக்கி ஏதோ உளறினேன். கடைசி ஐந்து நிமிஷத்தில், நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே பேராசிரியர் இன்னும் மூணு படங்களைப் பட்பட்டென்று தள்ளினார். எல்லாமே அதே பியர்ஸ், அதே காலகட்டம்.

முதலாவது 1884-ல் வந்தது. ரெண்டு கட்டம். மேல் கட்டத்தில் குளியல் தொட்டியில் ஒரு கறுப்பினப் பையன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஏப்ரன் கட்டிய வெள்ளைப் பையன் சோப்பை நீட்டுகிறான். கீழ்க் கட்டத்தில் குளியல் முடிந்துவிட்டது. கறுப்புப் பையனின் உடம்பு முழுக்க வெள்ளை, கழுத்துக்கு மேலே மட்டும் கறுப்பு. வெள்ளைப் பையன் கண்ணாடியைப் பிடித்துக் காட்ட, இவன் மிரண்டுபோய்ப் பார்க்கிறான்.

ரெண்டாவது 1887. சூடான் பாலைவனம். ஒரு பாறையில் பியர்ஸ்தான் சிறந்த சோப்பு என்று வெள்ளை எழுத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது, உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்து வாய்பிளந்து நிற்கிறார்கள். பிரிட்டன் நாடு பிடிப்பதன் சூத்திரம் என்று தலைப்பு. மூணாவது 1899, அமெரிக்கப் பத்திரிகைக்காக. அமெரிக்கா பிலிப்பைன்ஸைப் பிடித்த சமயம். வெள்ளுடை உடுத்திய அட்மிரல் கப்பல் அறையில் கை கழுவுகிறார். மூலையில் ஒரு வெள்ளைக்காரர், குனிந்து கிடக்கும் ஒரு கறுப்பு மனிதருக்குச் சோப்பு கொடுக்கிறார். அந்த வருஷம்தான் கிப்ளிங் 'வெள்ளையனின் சுமை' கவிதையை வெளியிட்டார். அந்தச் சுமையைக் குறைக்க முதல் படி சுத்தத்தைக் கற்றுக்கொடுப்பது என்று விளம்பரம் கூசாமல் சொல்கிறது.

வகுப்பு முடிந்தது. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த முதல் படம் கண்ணிலேயே நின்றது. கலை அழுக்காகிவிட்டது, கலை அழுக்காகிவிட்டது என்று அத்தனை பேர் எழுதினார்களே, அவர்கள் வீட்டு மேசையில் கிடந்த பத்திரிகையில்தானே இந்தப் பையனும் வந்தான்? விக்டோரியா காலத்து விளம்பரம் என்று பேச்செடுத்தாலே வருவது மில்லேயின் மனக்கஷ்டம்தான். தொட்டியில் உட்கார்ந்த பையனுக்கு மாடலாக யாராவது இருந்தார்களா, அவனுக்கு ஒரு பெயர் இருந்ததா, தெரியாது. வெல்வெட் பையனுக்குப் பெயர், பட்டம், பிறந்த தேதி, அவன் நடத்திய போர் எல்லாம் நமக்குத் தெரியும். ஆன் மெக்லின்டாக் என்பவர் 1995-ல் எழுதிய 'இம்பீரியல் லெதர்' புத்தகத்தில் இந்தத் தொட்டிப் படத்தை விரிவாக அலசியிருக்கிறார். வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறேன், எங்கள் நூலகத்தில் அதைத் தேடும்போது அது சோப்பு பிராண்டின் பெயர் என்பதால் தப்பான அலமாரியில் வைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பெயரிலேயே குசும்பு.

கொஞ்சம் பின்னால் போனால் இன்னும் சுவாரசியம். பியர்ஸைக் கண்டுபிடித்த ஆண்ட்ரூ பியர்ஸ், கார்ன்வால் கிராமத்திலிருந்து லண்டன் வந்த முடிதிருத்துபவர். சோஹோவில் கடை. பணக்கார வாடிக்கையாளர்கள் முகத்தை வெளுப்பாகக் காட்ட ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த பூச்சுகளையும் காரமான சோப்பையும் போட்டுத் தோலைக் கெடுத்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து, மென்மையாக ஒரு சோப்பு செய்யப் பார்த்தார். சோப்பைச் சாராயத்தில் கரைத்து, கசடை நீக்கி, மெதுவாக உலரவிட்டால் கண்ணாடி மாதிரி வரும் என்று கண்டுகொண்டார். 1807-ல் அது விற்பனைக்கு வந்தது. சரி, அந்தச் சீமாட்டிகளுக்கு ஏன் வெளுப்பு வேண்டியிருந்தது? வெயில் பட்ட தோல் என்றால் வயலில் வேலை செய்கிறவள் என்று அர்த்தம். "வெயில்ல அலையாத, கருத்துப் போயிருவ"னு எங்க ஆச்சி சொன்னதும் இதேதான். ஆச்சிக்கு இதைச் சொல்லித்தர எந்த வெள்ளைக்காரனும் வரவேண்டியிருக்கவில்லை. அதனால் எல்லாப் பழியையும் தூக்கி இங்கிலாந்து தலையில் போட என்னால் முடியவில்லை. நம்மிடமும் சரக்கு இருந்தது. அவர்கள் அதற்கு அச்சடித்த படம் கொடுத்தார்கள்.

அந்தப் படம் எங்கே போனது என்று பின்தொடர்ந்தால் நம்ம வீட்டு டிவிக்கு வந்து சேரும். பியர்ஸ் கம்பெனி 1917-ல் லீவர் கைக்குப் போனது. குமிழி ஓவியமும் கூடவே போனது, அதனால்தான் இன்றைக்கு அது போர்ட் சன்லைட்டில். 1929-ல் டச்சு மார்கரின் கம்பெனியோடு லீவர் இணைய முடிவாகி யூனிலீவர் ஆனது. அதன் இந்தியக் கிளையான ஹிந்துஸ்தான் லீவர் 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி க்ரீமைக் கொண்டுவந்தது. அந்த விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். மாநிறமான பொண்ணு, வேலை கிடைக்காது, மாப்பிள்ளை அமையாது. க்ரீம் போடுவாள். அடுத்த காட்சியில் கண்ணாடி, அதில் வெளுத்த முகம், ஓரத்தில் படிப்படியாக வெளுக்கும் முகங்கள் வரிசையாக. அதே ரெண்டு கட்டம். அதே கண்ணாடி. 1884 தொட்டிப் பையனுக்கு முகம் மட்டும் வெளுக்கவில்லை, க்ரீம் வந்தபிறகு முகமும் வெளுத்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பிறகு உலகமெங்கும் போராட்டம் நடந்தபோது அதன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றினார்கள். குமிழிப் படம் நம்ம ஊரில் பெரிதாக யாருக்கும் நினைவில் இல்லை. அந்த இன்னொரு படத்தின் பேரப்பிள்ளைகள்தான் நம்மோடு வளர்ந்தார்கள்.

கேலரியில் திரும்பவும் குமிழிப் பையன் முன்னால் போய் நின்றேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்து பார்த்தால் பிடிக்காமல் போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். இல்லை, பிடித்தது. அந்தக் குமிழி அவ்வளவு அழகு. கோபம் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் அழகாக இருக்கிறதே என்று கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி தன் பேத்தியிடம், இதுதான் சோப்புப் பையன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டிச் சிரித்து வைத்தேன்.

வெளியே வந்தபோது மழை. ரயிலுக்கு நேரம் இருந்ததால் அந்தப் பூந்தோட்ட வீடுகளைப் பார்த்தபடி நடந்தேன். இங்கே தொழிலாளிகளுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய லீவர், 1911-ல் பாமாயிலுக்காக பெல்ஜியம் ஆண்ட காங்கோவில் பெரும் நிலப்பரப்பைக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே கட்டாய வேலை வாங்கியது பற்றி ஜூல் மர்ஷால் என்ற பெல்ஜியக்காரர் ஆவணங்களைத் தோண்டி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். அது இன்னொரு நாளைக்கு.

போன வாரம் அக்காவுக்குக் குழந்தை பிறந்தது, பொண்ணு. தாயும் சேயும் நலம் :-) வீடியோ காலில் அம்மா, "எட்டி, லண்டன்ல ஒரிஜினல் பியர்ஸ் கிடைக்குமாம்லா, ரெண்டு கட்டி அனுப்பேன்" என்றாள். லிவர்பூல் லண்டன் இல்லை என்று சொல்லி நான் களைத்துப்போன விஷயம், விட்டுவிட்டேன். பக்கத்துக் கடையில் போய் வாங்கி, வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், தயாரிப்பு: இந்தியா. அம்மாவிடம் சொன்னேன். "அப்போ இங்கயே வாங்கிக்கிடுதோம், எதுக்கு தபால் செலவு" என்று உடனே கணக்கை முடித்துவிட்டாள்.

அதற்குள் பின்னாலிருந்து அத்தை குரல், ஃபோனுக்குள் தலையை நீட்டி: "பிள்ளையப் பாத்தியா? உன்ன மாதிரிதான் இருக்கா, கொஞ்சம் நிறம் கம்மி. பரவால்ல, குளிப்பாட்டக் குளிப்பாட்டத் தெளிஞ்சிரும்."

"தெளிய வேண்டாம் அத்தை, அவ நிறம் அப்படியே இருக்கட்டும்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் அக்கா மட்டும் படுக்கையில் இருந்தபடியே, "அத்தை, அந்தச் சோப்பை இப்படிக் குடுங்க, வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டுதேன், பிள்ள பாக்கட்டும்" என்றாள்.